அழவில்லை, புலம்பவில்லை, ஆனாலும் ஆள் மாறிவிட்டார். இது மனச்சோர்வா?

மழைத்துளி:

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இன்றுதான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு 44 வயது. பழைய சுவர்க்கடிகாரங்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பது என்றால் அவருக்கு உயிர். விடுமுறை நாளில் காலையிலேயே மேஜை விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் கூப்பிட்டாலும் காதில் விழாது. போன வாரம் அந்த மேஜையைத் துடைக்கப் போனேன். பாதி பிரித்த கடிகாரம் ஒன்று கிடந்தது. திருகாணிகளை அளவு பார்த்து ஒரு டப்பா மூடியில் அடுக்கி வைத்திருக்கிறார். மூடி முழுக்கத் தூசி, விரல் வைத்தால் அச்சு விழுகிறது. கடைசியாக எப்போது இங்கே உட்கார்ந்தார் என்று யோசித்தேன். மூன்று மாதம் இருக்கும். ஒரே வீட்டில் இருந்தும் அது என் கண்ணில் படவில்லை.

மற்றபடி ஆபீஸ் போகிறார், வருகிறார். அழுவதில்லை. கேட்டால் "டயர்டா இருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்கிறார். விடிகாலை மூன்றரைக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார். எதையாவது கேட்டால் பதில் வருவதற்கு நேரமாகிறது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

மாமியார் வயதாகிறது என்கிறார். தங்கை வேலைப்பளு என்கிறாள். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. சோகமாகவே தெரியாத ஒருவருக்கு டிப்ரஷன் இருக்குமா? எதை வைத்துக் கண்டுகொள்வது?

வழிப்போக்கன்:

சகோதரி, உங்கள் கணவர் இருக்கும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். டிப்ரஷன் என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நல்லது என்று தோன்றிய நாட்கள் உண்டு. சோகம் இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. என் பையன் தான் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டுவான். இப்போது சந்தோஷப்பட வேண்டும் என்று தெரியும், முகத்தைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொள்வேன். உள்ளே எதுவும் அசையாது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பெற்ற பிள்ளைமேல் பாசம் இல்லாதவனாகிவிட்டேன் என்று நம்பினேன்.

ஒரு நாள் குளிக்கப் போய் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சட்டையைக் கழற்ற வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், ஊற்ற வேண்டும், துவட்ட வேண்டும், வேறு சட்டை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு மலை. இருபது நிமிடம் நின்றுவிட்டு, தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆபீஸில் அன்று ஒரு பிரசன்டேஷன் கொடுத்தேன், எல்லோரும் பாராட்டினார்கள். வெளியே இப்படி, உள்ளே அப்படி. ஆபீஸ் போகிறாரே என்று நீங்கள் ஆறுதல்பட வேண்டாம். மிச்சம் இருக்கும் தெம்பு முழுவதையும் அங்கே செலவழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாரோ என்னவோ.

வார்டு அக்கா:

26 வருடம் மனநலப் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் மன அழுத்தம் என்று நாம் சொல்வது ஸ்ட்ரெஸ்ஸுக்கும் போகிறது, டிப்ரஷனுக்கும் போகிறது. இரண்டும் வேறு. வேலை நெருக்கடியால் வரும் அழுத்தம் அந்த வேலை முடிந்தால், நாலு நாள் லீவு போட்டால், பெரும்பாலும் இறங்கிவிடும். மனச்சோர்வு நோய் அப்படி இல்லை. லீவு போட்டாலும் கூடவே வரும். லீவிலும் விருப்பமான காரியம் இனிக்காது.

மழைத்துளி, நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். சோகம் இல்லாமலும் இருக்கலாம். டாக்டர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்ப்பார்கள். மனம் தாழ்ந்து கிடப்பது ஒன்று, எதிலும் நாட்டமோ இன்பமோ இல்லாமல் போவது இன்னொன்று. இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும், இரண்டும் வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு டப்பா மூடியின் தூசி அந்த இரண்டாவதைத்தான் காட்டுகிறது. மற்ற ஏழு: பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கம் குறைவது அல்லது மிதமிஞ்சித் தூங்குவது, பேச்சும் அசைவும் மற்றவர் கண்ணில் படும்படி மந்தமாவது (சிலருக்கு நேர்மாறாக ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு), அசதி, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பும் காரணமற்ற குற்ற உணர்வும், கவனம் நிற்காமை அல்லது சின்ன முடிவைக்கூட எடுக்க முடியாமை, சாவைப் பற்றிய எண்ணம். மொத்தத்தில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் இருந்து, இரண்டு வாரம் கிட்டத்தட்ட தினமும் தொடர்ந்து, வாழ்க்கையை இடறுகிறது என்றால் அது நோய்தானா என்று டாக்டர் ஆராய்வார். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் பேசாமல் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. லேசாகவே இருந்து இரண்டு வருடத்துக்கு மேல் இழுக்கும் வகையும் உண்டு. அவர்களைச் சுற்றி இருப்பவர்கள் "அவன் சுபாவமே அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள்.

மூன்றரைக்கு விழிப்பது பற்றிச் சொன்னீர்கள். வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு தட்டி, காலை நேரம் மிகவும் கனமாகவும் சாயங்காலம் கொஞ்சம் லேசாகவும் இருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பதில் தாமதமாக வருவதையும் சொல்லுங்கள். அவரே சொல்ல மாட்டார், ஏனென்றால் அவருக்கு அது தெரியாது.

வார்டில் இருந்தபோது குடும்பத்தாரிடம் நான் "சோகமாக இருக்கிறாரா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "ஆறு மாதம் முன்பு செய்துகொண்டிருந்த எது இப்போது நின்றுபோனது?" என்று கேட்பேன். அப்போதுதான் வாய் திறப்பார்கள். பாட்டுக் கேட்பது நின்றது, தாடியைச் சீர் செய்வது நின்றது, அண்ணனுக்குப் போன் போடுவது நின்றது என்று வந்துகொண்டே இருக்கும். மனிதருக்கு மனிதர் சுபாவம் வேறு. பேசாதவர் பேசாமல் இருந்தால் அது அறிகுறி இல்லை. கலகலப்பானவர் வாயை மூடிக்கொண்டால் அது அறிகுறி. அவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும்.

நேர்கோடு:

யாரையும் புண்படுத்த எழுதவில்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன். இப்போது எதற்கெடுத்தாலும் டிப்ரஷன் என்கிறார்கள். என் அப்பா இறந்தபின் இரண்டு மாதம் நான் அழுதேன். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் எனக்கும் நோய்தான். ஆனால் அது துக்கம். அப்பாவுக்காக அழுததற்கு ஒரு நோய்ப் பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடிகாரத்தை மூன்று மாதம் தொடாதவருக்கு வெறும் சலிப்பாகவும் இருக்கலாமே.

வார்டு அக்கா:

தம்பி, நியாயமான கேள்வி. உங்கள் அழுகை நோய் என்று நான் சொல்ல மாட்டேன்.

துக்கம் அலை அலையாக வரும். அப்பாவின் செருப்பைப் பார்த்ததும் அடைக்கும், அப்புறம் யாரோ அவரைப் பற்றி ஒரு வேடிக்கையான சம்பவம் சொன்னால் அழுகைக்கு நடுவே சிரிப்பும் வரும். மனச்சோர்வில் அந்த ஏற்ற இறக்கம் இருக்காது, எப்போதும் மேகமூட்டம்தான். துக்கத்தில் இருப்பவர் "அப்பா இல்லையே" என்பார். மனச்சோர்வில் இருப்பவர் "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்பார். சுயமரியாதை உடைந்திருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்த்தது. துக்கத்தில் இருப்பவருக்கு இறந்தவரோடு போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று தோன்றலாம். மனச்சோர்வில், தான் வாழத் தகுதியில்லாதவன் என்றே தோன்றும். இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் வரலாம், அதனால் துக்கம்தானே என்று எல்லாவற்றையும் தள்ளிவிடவும் கூடாது.

சலிப்பைப் பற்றிச் சொன்னீர்கள். ஒன்று சலித்தால் மனிதன் இன்னொன்றுக்குத் தாவுவான். இங்கே அவர் எதற்கும் தாவவில்லை.

தாழ்வாரம்:

என் மகளுக்கு 15 வயதில் இது வந்தது. சோகம் எங்கே இருந்தது? எரிச்சல்தான். கதவை அறைந்து சாத்துவாள், எதற்கும் "விடும்மா" என்பாள், லீவு நாளில் மதியம் வரை தூங்குவாள். எட்டு மாதம் அதைத் திமிர் என்று நினைத்து நான் அவளோடு சண்டை போட்டேன். பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் வாடிய முகத்துக்குப் பதில் சிடுசிடுப்பாகவும் வரலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த எட்டு மாதம் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

பழையபாதை:

என் அப்பாவுக்கு 71 வயதில் வந்தது. மறதி, குழப்பம். மறதி நோய் என்றே முடிவு கட்டிவிட்டோம். பரிசோதித்த டாக்டர் ஒன்றைக் கவனித்தார்: கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பா "தெரியாது, தெரியாது" என்றே சொல்கிறார், முயன்றுகூடப் பார்க்கவில்லை. மறதி நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் ஏதாவது பதில் சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார்களாம். சிகிச்சைக்குப் பின் மறதி பெருமளவு போய்விட்டது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை, இரண்டையும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். வயதானவர்கள் மனசு சரியில்லை என்று சொல்லவே மாட்டார்கள். முதுகு வலி, வயிறு சரியில்லை, தலை பாரம் என்றுதான் சொல்வார்கள்.

மழைத்துளி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி எது நின்றுபோனது என்று ஒரு தாளில் எழுதினேன். கடிகாரம். தம்பியோடு போனில் பேசுவது. செய்தி பார்ப்பது. நான் சொல்லும் கதைக்கு நடுவில் "அப்புறம்?" என்று கேட்பது. இந்தக் கடைசியை எழுதும்போது கை நின்றுவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. பத்து நாள் முன்பு காப்பீட்டுக் காகிதங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்றேன். "நான் இல்லன்னா உங்களுக்கு இன்னும் சுலபமா இருக்கும்" என்றார், சாதாரணமாக. நான் "போங்க" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இப்போது அந்தச் சொல் காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

வார்டு அக்கா:

அம்மா, இதைப் படித்ததும் முதல் வேலையாக, இன்று இரவே அவரிடம் கேட்டுவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

டிவியை அணைத்துவிட்டு, குழந்தைகள் தூங்கியபின், பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "அன்னிக்கு நீங்க சொன்னதை நான் சிரிச்சு ஒதுக்கிட்டேன். அது தப்பு. உயிரை விட்டுடலாம்னு உங்களுக்குத் தோணுதா?" சொல்லைச் சுற்றி வளைக்காதீர்கள். "அப்படியெல்லாம் எதுவும் நினைக்கலையே?" என்று கேட்டால் இல்லை என்ற பதிலைத்தான் நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்று புரிந்துகொண்டு இல்லை என்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இந்தப் பயத்தினாலேயே எத்தனையோ வீடுகளில் கேட்காமல் விட்டுவிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு யாராவது கேட்டார்களே என்று மூச்சு விடுகிற மாதிரிதான் இருக்கும்.

ஆமாம் என்றால் பதறாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவருக்கு அது இன்னொரு கல். கேட்டுக்கொண்டே இருங்கள். எப்படி, எப்போது என்று திட்டம் ஏதாவது வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். திட்டம் இருந்தால், அல்லது உங்களுக்கே சந்தேகமாக இருந்தால், ஒரு நிமிடம்கூட அவரைத் தனியே விடாதீர்கள். தீங்கு செய்துகொள்ளக் கூடியவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது உங்கள் ஊரின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ கூப்பிடுங்கள். திட்டம் இல்லை என்றாலும் இரண்டொரு நாளுக்குள் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். காகிதங்களை ஒழுங்குபடுத்துவது, பிடித்த பொருட்களை எடுத்துக் கொடுத்துவிடுவது, விடைபெறுகிற மாதிரி பேசுவது, நெடுநாள் தவிப்புக்குப் பின் திடீரென்று ஒரு நிம்மதி முகத்தில் வருவது, இவற்றை எப்போதும் லேசாக எடுக்காதீர்கள்.

வழிப்போக்கன்:

அக்கா சொன்னதோடு ஒன்றே ஒன்று. டாக்டரைப் பாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு விடாதீர்கள். நேரம் வாங்கும் வேலையை நீங்களே செய்யுங்கள். எனக்கு நம்பரைக் கொடுத்தவர்கள் நாலு பேர். அந்த நம்பரை அழுத்த எனக்குத் தெம்பில்லை என்பது அவர்களில் யாருக்கும் புரியவில்லை. என் அக்கா ஒரு நாள் வந்து, "நாளை பதினொன்றுக்கு நேரம் வாங்கியிருக்கேன், பத்தரைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன், நீ பேசக்கூட வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றியது அந்தப் பத்தரை மணி. மனதைத் தைரியமாக வைத்துக்கொள் என்று சொன்ன எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் தைரியம் பிறக்கும் இடமே படுத்துக்கிடக்கும்போது அந்த வார்த்தையை எங்கே வைத்துக்கொள்வது?

இரண்டு கரை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இது அவசியம் என்று தோன்றுகிறது. எனக்கு மனச்சோர்வு என்று மட்டும் முடிவு செய்து மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் நான் பறக்க ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரத் தூக்கம் போதும், மூளை ஓடிக்கொண்டே இருக்கும், தேவையில்லாததையெல்லாம் வாங்கிக் குவித்தேன். பைபோலார், அதாவது மனம் சில காலம் மிதமிஞ்சிப் பொங்கியும் சில காலம் தாழ்ந்தும் போகும் நோய் என்று பிறகு தெரிந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் அதேமாதிரி ஏறுமுக நாட்கள் எனக்கு இருந்திருக்கின்றன. சந்தோஷமாக இருந்ததை யாராவது நோயென்று டாக்டரிடம் சொல்வார்களா? நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அதனால், தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்கிய காலம் எப்போதாவது இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பதை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தே மாறும்.

மழைத்துளி:

கேட்டேன்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "தோணுது. ஆனா எதுவும் பண்ணணும்னு யோசிக்கல" என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது நேற்றுதான். "சோம்பேறியாயிட்டேன்னு நீ நினைப்பேன்னு பயந்தேன்" என்றார்.

இன்று காலை நானே நேரம் வாங்கி அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொன்னார். பிஹெச்க்யூ-9 என்று பெயர் போட்டிருந்தது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. இவருக்கு 17 வந்தது. தைராய்டு, ரத்தசோகை, பி12 பார்க்க ரத்தம் எடுத்தார்கள். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். இரண்டு கரை அவர்கள் சொன்னதை நானே எடுத்துச் சொன்னேன். அப்படி எதுவும் இருந்ததில்லை. மருந்தும் எழுதினார், பேச்சு சிகிச்சைக்கும் அனுப்பியிருக்கிறார்.

வார்டு அக்கா:

நல்ல காரியம் செய்தாய் அம்மா.

அந்தத் தாளில் மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனமாகப் பார்க்க வேண்டும், 15 முதல் 19 வரை ஓரளவு தீவிரம், 20-ம் அதற்கு மேலும் கடுமை. இங்கே படிக்கிற மற்றவர்களுக்கு: அது ஒரு சல்லடை, தீர்ப்பு இல்லை. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் அசதி, மந்தம், எடை ஏற்றம் எல்லாம் வரும், அதனால்தான் ரத்தம் எடுத்தார்கள். ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணத்தைப் பற்றியது. மற்ற எட்டும் குறைவாக இருந்தாலும் அதில் 0 தவிர வேறு எது வந்தாலும் டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும்.

மருந்து நன்றாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஆரம்பத்தில் குமட்டல், தலைவலி வரலாம். பலனைப் பார்ப்பதற்கு முன் தொல்லையைப் பார்ப்பதால் நிறையப் பேர் பத்தாம் நாளில் நிறுத்திவிடுகிறார்கள். முதல் சில வாரம் தவிப்போ பதற்றமோ கூடினால் உடனே டாக்டரிடம் சொல். இளவயதினரிடம் இதை இன்னும் கூர்ந்து பார்ப்போம். மனநிலைக்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும் சிலருக்கு. அந்த நாட்களிலும் பக்கத்திலேயே இரு.

நேர்கோடு:

மழைத்துளி அக்கா, சலிப்பாக இருக்கலாம் என்று எழுதியது நான்தான். மன்னித்துவிடுங்கள். துக்கத்துக்கும் நோய்க்கும் நடுவே கோடு வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கோட்டை வீட்டில் உட்கார்ந்து நானாகப் போடக்கூடாது என்று புரிகிறது. என் தம்பி குடும்பக் குரூப்பில் தினமும் ஏதாவது அனுப்புவான். நேற்று மேலே தள்ளிப் பார்த்தேன், இரண்டரை மாதமாக அவனிடமிருந்து ஒன்றுமே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. இப்போது கிளம்பிக்கொண்டிருக்கிறேன், போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வான்.

மழைத்துளி:

ஏழு வாரம் ஆகிவிட்டது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

தூக்கம்தான் முதலில் திரும்பியது. இப்போது ஐந்து மணி வரை தூங்குகிறார். போன வாரம் நான் பக்கத்து வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன், நடுவில் "அப்புறம்?" என்றார். எனக்குக் கதையே மறந்துபோனது. கடிகாரம் அப்படியேதான் கிடக்கிறது, தூசியை மட்டும் துடைத்திருக்கிறார். மோசமான நாட்கள் இன்னும் வருகின்றன. நேற்று முன்தினம் முழுக்கப் படுத்தே கிடந்தார்.

ஒரு சந்தேகம் அக்கா. சரியாகிக்கொண்டு வருகிறதே, மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று மாமியார் கேட்கிறார்.

வார்டு அக்கா:

முழுக்கச் சரியானபின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், முன்பே வந்திருந்தால் இன்னும் கூடுதலாக. நிறுத்தும்போதும் டாக்டர் சொல்லி, படிப்படியாகக் குறைத்துத்தான். சட்டென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வந்து ஆளைப் படுத்தும். இது போதை மருந்தில்லை என்று மாமியாரிடம் எடுத்துச் சொல்.

இன்னொன்று. இது திரும்பி வரக்கூடியது. திரும்பும்போது பலருக்கும் முதல் தடவை நுழைந்த அதே வாசல் வழியாகத்தான் வரும். அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், முதலில் எதெது மாறியது என்று அவர் கையாலேயே எழுதி வைக்கச் சொல். நீ எழுதினால் அது நீ பார்த்ததாக மட்டும்தான் இருக்கும்.

மழைத்துளி:

எழுதினார். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். ஐந்து வரி. மூன்றரை மணி விழிப்பு. தம்பி கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைப்பது. கடிகார மேஜைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு நடப்பது. காகிதங்களை அடுக்குவது.

ஐந்தாவது எனக்குத் தெரியவே தெரியாத ஒன்று. "குளிக்காமலே குளித்துவிட்டேன் என்று இவளிடம் சொல்வது" என்று எழுதியிருக்கிறார்.